பனி கேட்கும் பூ
(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டிலிருந்து வருகிற பழைய மாணவரை மேடையில் ஏற்றினால் வழக்கமாக என்ன பேசுவார் என்பது உங்களுக்குத் தெரியும். "நான் எப்படி முன்னேறினேன்" என்று முக்கால் மணி நேரம் பேசுவார். முன் வரிசையில் இருப்பவர்கள் மரியாதைக்காகத் தூங்காமல் இருப்பார்கள். பின் வரிசையில் அந்தக் கட்டாயமும் கிடையாது. சங்கச் செயலாளர் என்னிடம், "அதெல்லாம் வேண்டாம்பா, தாவரவியல் படிச்சவன்தானே நீ, ஏதாவது ஒரு செடியைப் பத்திப் பேசு" என்று சொன்னார். பெரிய உபகாரம். ஆகவே நான் குடியிருக்கும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வீட்டுக்கு வீடு பூக்கிற பியோனி என்ற பூச்செடியைப் பற்றிப் பேசப்போகிறேன்.

"நம்ம ஊர்ல வளராத செடியைப் பத்தி நமக்கு எதுக்குப் பேச்சு?" என்று சிலர் நினைக்கலாம். இரண்டு காரணம் உண்டு. நம் கல்லூரியில் படித்தவர்கள் நிறையப் பேர் இன்று குளிர் நாடுகளில் வீடு வாங்கியோ வாடகைக்கோ இருக்கிறார்கள். வாசலில் ஒரு செடி வைக்க ஆசை. எப்படி என்று தெரியவில்லை. அவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். இன்னொன்று, இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கு. ஒரு செடி ஓரிடத்தில் ஏன் வளர்கிறது, இன்னோரிடத்தில் ஏன் வளர மறுக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள பியோனியை விட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

பூவின் குலம் கோத்திரம்

பியோனி என்ற பெயர் கிரேக்கர்களின் புராணத்தில் தேவர்களுக்கு வைத்தியம் பார்த்த பையோன் என்பவரின் பெயரிலிருந்து வந்தது. பியோனியா என்ற பேரினம் மட்டுமே கொண்ட தனிக் குடும்பம் பியோனியேசி. முற்காலத்தில் இதை ரனன்குலேசி குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள்; பிறகு பிரித்துவிட்டார்கள். ஏறத்தாழ முப்பது சிற்றினங்கள். எல்லாமே பூமியின் வட பாதியில், குளிர்காலம் உள்ள இடங்களில்தான் இயற்கையாக வளர்கின்றன.

தோட்டக்காரர்கள் இதை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். ஒன்று, மரத் தண்டுடைய பியோனி. சீனாவில் முதான் என்று கொண்டாடப்படுவது. குளிர்காலத்திலும் அதன் கட்டைத்தண்டு நின்றுகொண்டிருக்கும். இரண்டாவது, பூண்டு வகை பியோனி. இலையும் தண்டும் இலையுதிர் காலத்தோடு காய்ந்து மண்ணோடு மண்ணாகிவிடும். வேர் மட்டும் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். வசந்தத்தில் மறுபடி முளைத்து வரும். மூன்றாவது, இந்த இரண்டையும் கலந்து உண்டாக்கிய இட்டோ வகை. அதன் கதையைப் பிறகு சொல்கிறேன். இன்று நான் பேசுவது முக்கியமாக இரண்டாவது வகையைப் பற்றி.

நாம் தோட்டங்களில் பார்க்கும் பூண்டு வகைகளில் பெரும்பாலானவற்றின் மூதாதை பியோனியா லாக்டிஃப்ளோரா. சைபீரியா, மங்கோலியா, வட சீனம் ஆகிய பகுதிகளைச் சேர்ந்தது. சீனர்கள் ஷாவ்யாவ் என்பார்கள். அதன் வேர் அவர்கள் வைத்தியத்தில் பல நூற்றாண்டுகளாகப் பயன்படும் மருந்து. சீன மொழியின் மிகப் பழைய பாடல் தொகுப்பான ஷிஜிங்கில், ஆற்றங்கரையில் விளையாடிவிட்டுப் பிரியும் இளைஞனும் இளம்பெண்ணும் ஷாவ்யாவ் மலர் கொடுத்துப் பிரிவதாக ஒரு பாட்டு இருக்கிறது. பிரியும்போது கொடுக்கிற பூ என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. முன்னாள் மாணவர் கூட்டத்துக்குப் பொருத்தமான பூதான்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்ட் மலைக்காடுகளில் பியோனியா எமோடி என்ற வெள்ளைப் பூ பியோனி இயற்கையாக வளர்கிறது. யுனானி வைத்தியத்தில் ஊத் சலீப் என்ற பெயரில் அதன் வேர் பயன்படுகிறது. வேருக்காகத் தோண்டுவதென்றால் செடியையே இழப்பது என்று அர்த்தம். பறித்தால் மறுபடி துளிர்க்கும் கீரை அல்ல அது. விதையிலிருந்து பூக்கும் செடியாக வருவதற்குப் பல வருஷம் பிடிக்கும். தாவரவியல் மாணவர்கள் ஆராய்ச்சிக்குத் தலைப்புத் தேடினால் இமயமலையை நினைத்துப் பாருங்கள்.

ஏன் இங்கே பூக்காது?

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

சேனைக்கிழங்கைக் கிளறி எடுத்தவுடனே திரும்ப நட்டால் முளைக்காது. சில மாதம் சும்மா கிடந்து தூங்கி எழ வேண்டும். இது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். பியோனிக்கும் அதே மாதிரி உறக்கம் உண்டு. ஆனால் நாள் கடந்தால் மட்டும் அது விழிக்காது. குளிர் வந்து எழுப்ப வேண்டும்.

கோடையிலேயே செடியின் தூரில், மண்ணுக்கு அடியில், அடுத்த வருஷத்துக்கான மொட்டுகள் உருவாகிவிடுகின்றன. கரும்புக் கரணையில் கண் இருக்குமே, அதே போல. தோட்டக்காரர்களும் இதைக் கண் என்றுதான் சொல்கிறார்கள். இந்தக் கண்கள் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய்விடும். அந்த உறக்கம் கலைய ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 500 முதல் 1,000 மணி நேரம் வரை குளிர் வேண்டும். எத்தனை மணி நேரம் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். அதாவது மூன்று முதல் ஆறு வாரம், இரவும் பகலும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்த மாதிரி. அந்தக் கணக்கு நிறைந்த பிறகுதான் வசந்த வெயிலுக்குக் கண் திறக்கும். கணக்கு குறைந்தால் முளை நோஞ்சானாக வரும், பூ வராது. மிகவும் குறைந்தால் முளையே வராது.

செடிக்கு ஏன் இந்தப் பிடிவாதம்? ஜனவரியில் இரண்டு நாள் வெயில் அடித்ததும் "வசந்தம் வந்துடுச்சு" என்று நம்பி முளைத்தால், மூன்றாம் நாள் பனியில் கருகிப்போகும். குளிர்காலம் முழுவதும் கழிந்துவிட்டதா என்று எண்ணிப் பார்த்து எழுகிற செடிதான் சைபீரியாவில் பிழைக்கும். அந்த எண்ணிக்கை பல்லாயிரம் வருஷமாக அதன் உடம்பில் பதிந்துவிட்டது.

நம் சமவெளியில் இந்தக் கணக்கு ஒரு மணி நேரம்கூட நிறையாது. "ஊட்டியில் வைத்தால்?" என்று கேட்பீர்கள். ஊட்டியில் ஜனவரி இரவுகளில் உறைபனி விழுவதுண்டு. ஆனால் பகலில் 20 டிகிரி வந்துவிடும். இரவில் சேர்த்த குளிரைப் பகல் வெயில் கெடுத்துவிடும். எனவே அங்கேயும் நம்ப முடியாது. காஷ்மீர் பள்ளத்தாக்கு சரியான இடம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இணையத்தில் நீலப் பியோனி, கறுப்புப் பியோனி என்று வண்ணப் படம் போட்டு விதை விற்கிறார்கள். பத்து விதை, இருபது விதை பாக்கெட். நம் ஊரில் தொட்டியில் போட்டால் மூன்று மாதத்தில் பூக்கும் என்கிறார்கள். பூண்டு வகைப் பியோனியில் உண்மையான நீலம் கிடையவே கிடையாது. அசல் விதையாகவே இருந்தாலும், அது முதலில் வெதுவெதுப்பில் வேர் விட்டு, அப்புறம் ஒரு குளிர்காலம் கழித்துத்தான் தளிர் விடும். பூக்க நாலைந்து வருஷம் ஆகும். காசை அதில் போடாதீர்கள். வீட்டில் அம்மா ஆசைப்பட்டுக் கேட்டால், நாலு நல்ல மல்லிகைப் பதியன் வாங்கிக் கொடுங்கள். நம் வெயிலுக்கு மல்லிகை, அந்தப் பனிக்குப் பியோனி.

அதே போல, வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்களே, பெட்டியில் துணிக்கு நடுவே வேரை ஒளித்துக் கொண்டுவராதீர்கள். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி, நடவுப் பொருள் எதுவானாலும் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். ஒரு வேரில் ஒட்டிய மண்ணில் எந்தப் பூஞ்சாணம், எந்த நூற்புழு வருகிறதென்று கண்ணுக்குத் தெரியாது. நாளைக்குப் பாதிக்கப்படப்போவது யாரோ ஒரு விவசாயியின் வயல்.

நடும் முறை

இனி, குளிர் நாட்டில் இருப்பவர்களுக்கு. பென்சில் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

காலம்: வசந்தத்தில் கடைகளில் தொட்டியோடு விற்பார்கள், எல்லாரும் அப்போதுதான் வாங்குவார்கள். ஆனால் நடுவதற்குச் சிறந்த காலம் செப்டம்பர், அக்டோபர். மண் உறைவதற்கு முன் ஊட்ட வேர்கள் ஓடிவிடும். மண்ணில்லாத வெறும் வேராகவே வாங்கலாம். பார்க்க மரவள்ளிக்கிழங்கு மாதிரி இருக்கும். மூன்று முதல் ஐந்து கண் உள்ள துண்டாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே கண் உள்ள துண்டு மலிவாகக் கிடைக்கும். ஆனால் கூடுதலாக இரண்டு வருஷம் காத்திருக்க வைக்கும்.

இடம்: தினம் ஆறு மணி நேரமாவது வெயில் விழ வேண்டும். பெரிய மரத்தடி ஆகாது. நிழலும் விழும், மரவேர் சத்தையும் தின்றுவிடும். தண்ணீர் தேங்காத மண் வேண்டும். கிழங்கு வேர் என்பதால் தேங்கினால் அழுகல் வந்துவிடும். களிமண்ணாக இருந்தால் மேடு கட்டி, மட்கிய உரம் கலந்து நடுங்கள். செடிக்குச் செடி மூன்று முதல் நான்கு அடி இடைவெளி. "சின்ன வேர்தானே, ஒரு அடி போதாதா" என்று தோன்றும். ஐந்தாவது வருஷம் அது மூன்றடி அகலப் புதராகிவிடும். காற்றோட்டம் இல்லாவிட்டால் நோய் வரும். ஏற்கெனவே பழைய பியோனி இருந்த குழியில் புதிதை நடாதீர்கள், தேறாது.

ஆழம்: பியோனி பூக்கவில்லை என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி, "எவ்வளவு ஆழத்தில் வெச்சீங்க?" கண்களுக்கு மேல் இரண்டு அங்குல மண், அவ்வளவுதான். குளிர் குறைந்த தென் மாநிலங்களில் ஒரு அங்குலமே போதும். அப்போதுதான் கிடைக்கிற குளிர் கண்ணில் படும். எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர், "பனியில உறைஞ்சு போயிடுமே பாவம்" என்று அரை அடி ஆழத்தில் புதைத்தார். நாலு வருஷம் பச்சைப் பசேலென்று இலை மட்டும். ஐந்தாவது வருஷம் இலையுதிர் காலத்தில் தோண்டி, இரண்டு அங்குலத்தில் வைத்தோம். அடுத்த வருஷம் இரண்டு பூ. அதற்கடுத்த வருஷம் ஒன்பது. நம்மவர்களுக்கு இது ஒரு பழக்கம். பிள்ளையானாலும் செடியானாலும் போர்த்திப் போர்த்தி வளர்ப்போம். இந்தச் செடியைப் போர்த்தக் கூடாது. அதற்குக் குளிர் ஆகாரம்.

குழியை ஒன்றரை அடி ஆழம், அகலம் தோண்டி, மண்ணை நன்றாக இளக்கி, பாதி நிரப்பி அழுத்திவிட்டு, அதன் மேல் வேரை வைத்துக் கண் மேலே பார்க்கும்படி அமைத்து மூடுங்கள். மண்ணை முதலிலேயே அழுத்தாவிட்டால், தண்ணீர் ஊற்றியதும் வேர் கீழே இறங்கி, ஆழம் தானாகக் கூடிவிடும். முதல் குளிர்காலத்துக்கு மட்டும் வைக்கோலை லேசாகப் பரப்பலாம். மண் உறைந்து இளகும்போது புது வேரை வெளியே தள்ளாமல் காக்க அது உதவும். வசந்தம் வந்ததும் அகற்றிவிட வேண்டும்.

வளர்ப்பு

ஏப்ரலில் சிவப்புச் சிவப்பாக முளை எட்டிப் பார்க்கும். முதல் வருஷம் பூவை எதிர்பார்க்காதீர்கள். இரண்டாவது வருஷம் ஒன்றிரண்டு வரலாம். மூன்றாவது வருஷத்திலிருந்துதான் செடி தன் சுயரூபத்தைக் காட்டும். இலைதான் வேரைக் கட்டுகிறது. ஆகவே முதல் இரண்டு வருஷம் ஒரு இலையைக்கூடத் தேவையில்லாமல் கிள்ளக் கூடாது.

தண்ணீர் வாரத்துக்கு ஓர் அங்குல மழை அளவுக்கு இருந்தால் போதும். செடியின் தலையில் ஊற்றாமல் அடியில் ஊற்றுங்கள். உரத்தில் தழைச்சத்து அதிகமானால் இலை கொழுத்து, பூ குறையும். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் இருக்கட்டும். எலும்புத்தூள் கொஞ்சம் போடலாம். தொழுவுரத்தைத் தூரின் மேல் குவிக்காமல் சுற்றிலும் அரையடி தள்ளிப் போடுங்கள்.

அடுக்குப் பூ உள்ள ரகங்களுக்கு ஒரு தொல்லை உண்டு. பூ ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், எட்டு அங்குல அகலம். மழை பெய்தால் தண்ணீரைக் குடித்துப் பாரம் தாங்காமல் தரையில் சாய்ந்துவிடும். கம்பி வளையம் விற்கிறார்கள். முளை அரை அடி இருக்கும்போதே வளையத்தை நட்டுவிட வேண்டும். வளர்ந்த பிறகு கட்டப் போனால் தண்டு ஒடியும். ஒற்றை அடுக்கு ரகம் வாங்கினால் இந்தக் கவலையே இல்லை.

இனி எறும்பு. மே மாதத்தில் மொட்டுகள் மேல் எறும்பு மொய்க்கும். பார்த்ததும் மருந்து அடிக்க ஓடாதீர்கள். மொட்டைச் சுற்றியுள்ள புல்லி இதழ்களில் தேன் சுரப்பிகள் உண்டு. அந்த இனிப்பைத் தின்னத்தான் எறும்பு வருகிறது. எறும்பு வந்து திறந்தால்தான் பூ மலரும் என்று அமெரிக்கப் பாட்டிமார்கள் சொல்வார்கள், அதுவும் சரியல்ல. எறும்பு இல்லாவிட்டாலும் பூ மலரும். எறும்பு இருந்தால் செடிக்குக் கெடுதலில்லை. மொட்டைத் தின்ன வரும் வேறு பூச்சிகளைத் துரத்தவும் செய்யும்.

நோய் என்று பார்த்தால் போட்ரைடிஸ் என்ற சாம்பல் பூஞ்சாணம்தான் முக்கியம். ஈரமான வசந்தத்தில் இளந்தண்டு அடியில் கறுத்துத் துவண்டு விழும். மொட்டு பழுப்பாகி, திறக்காமலே போகும். கண்டதும் அந்தத் தண்டை அடியோடு வெட்டி, பையில் போட்டுக் குப்பையில் சேர்த்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். இதற்கு மருந்தை விடச் சுத்தம் பெரிது. இலையுதிர் காலத்தில் தண்டெல்லாம் காய்ந்ததும் தரை மட்டத்துக்கு வெட்டி அப்புறப்படுத்துங்கள். அந்த ஒரு நாள் வேலை அடுத்த வருஷத்து நோயைப் பாதியாகக் குறைக்கும். மான்கள் வந்து மேயும் ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: மான் பெரும்பாலும் பியோனியைத் தொடாது.

பறிப்பதும் பாதுகாப்பதும்

பியோனிப் பூவின் ஆயுள் செடியில் ஒரு வாரம், பத்து நாள். ஆனால் ஒரு உபாயம் உண்டு. மொட்டில் நிறம் தெரிந்து, விரலால் அமுக்கினால் வெந்த இட்லியைத் தொட்ட மாதிரி மெத்தென்று இருக்கும்போது பறிக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் பிறகு மலராது. பறித்த தண்டுகளின் இலைகளை நீக்கி, செய்தித்தாளில் சுற்றி, தண்ணீர் இல்லாமல் படுக்கை வசமாக ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு மூன்று வாரம் தாங்கும். அதே ஃபிரிட்ஜில் ஆப்பிள் வைக்காதீர்கள். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுத்துவிடும். வேண்டும்போது எடுத்து, அடியைச் சற்று வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்க வைத்தால் ஓரிரு நாளில் விரியும். ஜூன் முதல் வாரத்தில் பூத்ததை ஜூன் கடைசியில் வரும் வளைகாப்புக்குக் கொடுக்கலாம். ஒரே செடியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பறிக்காதீர்கள். தண்டில் கீழ் இலை இரண்டு மூன்றாவது செடியிலேயே இருக்கட்டும். தலையில் வைக்கலாமா என்று என் அக்கா கேட்டார். வைக்கலாம், தலை தெரியாது.

இதே குளிர் தந்திரத்தை வைத்துப் பெரிய வியாபாரமே நடக்கிறது. உலகுக்கு அதிகம் அனுப்புவது நெதர்லாந்து. அங்கே சீசன் முடிந்த பிறகு அலாஸ்காவில் ஜூலை, ஆகஸ்டில் பூக்கிறது. 2001-இல் ஃபேர்பேங்க்ஸ் நகரில் அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் பேராசிரியை பாட்ரிசியா ஹாலோவே சோதனைப் பாத்தி போட்டுப் பார்த்தார். யாரிடமும் பியோனி இல்லாத மாதத்தில் அலாஸ்காவில் பூக்கிறது என்பது தெரிந்தது. அதன் பிறகு அங்கே பண்ணைகள் எழுந்தன. குறை என்று எல்லாரும் நினைத்த நீண்ட குளிரே அந்த ஊருக்கு மூலதனமாகிவிட்டது. மாணவர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம்.

எந்த ரகம்?

ஆயிரக்கணக்கில் ரகங்கள் இருக்கின்றன. முதன்முதலாக வைப்பவர்களுக்கு நாலு பெயர் சொல்கிறேன். ஃபெஸ்டிவா மாக்ஸிமா, 1851-இல் வந்தது. வெள்ளை அடுக்குப் பூ, நடுவே ரத்தத் துளி தெளித்த மாதிரி சிவப்பு, நல்ல மணம். சாரா பெர்ன்ஹார்ட், 1906-இல் பிரான்ஸில் லெமுவான் பண்ணை வெளியிட்ட ரோஜா நிறம். கார்ல் ரோசன்ஃபீல்ட், 1908, அடர் சிவப்பு. கோரல் சார்ம், 1964. பவள நிறத்தில் மலர்ந்து நாளுக்கு நாள் வெளுத்துச் சந்தன நிறமாக மாறும். வருஷத்தைப் பாருங்கள். 1851-இல் வந்த ரகத்தை இன்றும் கடையில் வாங்கலாம். ஒவ்வொன்றும் அந்த முதல் செடியின் வேரையே வெட்டி வெட்டிப் பெருக்கியது. அதாவது, அதே செடிதான் நம் வாசலிலும் நிற்கிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நிக்கல்ஸ் ஆர்போரேட்டம் என்ற பூங்காவில் இப்படிப்பட்ட பழைய ரகங்களுக்கென்றே ஒரு தோட்டம் இருக்கிறது. அப்ஜான் என்ற மருந்துத் தொழிலதிபர் 1922-இல் தந்த செடிகளை வைத்து 1927-இல் திறந்தார்கள். ஆன் ஆர்பர் பக்கம் வருகிறவர்கள் மே கடைசி, ஜூன் முதல் பாதியில் வந்தால் தவறாமல் பாருங்கள்.

ஐம்பது வருஷச் சொத்து

கடைசியாக ஒரு விஷயம். அமெரிக்கத் தமிழர்களிடம் பியோனி வையுங்கள் என்று சொன்னால் வரும் பதில் ஒன்றுதான். "மூணு வருஷம் காத்திருக்கணுமா? மூணு வருஷம் கழிச்சு நாங்க இந்த வீட்ல இருப்போமா, இந்த நாட்லயே இருப்போமான்னே தெரியலையே." விசா நிலைமை அப்படி. வேலை போனால் அறுபது நாள் கணக்கு. நான் சிரித்துத் தள்ளிவிடும் பதில் அல்ல அது. பத்து வருஷமாக ஒரு சட்டியில் புதினாவைத் தவிர வேறெதுவும் வைக்காத குடும்பங்களை எனக்குத் தெரியும். "எதுக்கு வைக்கணும்" என்று கேட்டுக் கேட்டே அந்தப் பத்து வருஷமும் போயிருக்கிறது. குழந்தைகள் அந்த வாசலில்தான் வளர்ந்திருக்கிறார்கள்.

அவர்களிடம் நான் இரண்டு சொல்வேன். முதலாவது, நடைமுறை. ஊருக்குள்ளேயே வீடு மாறினால் செடியை எடுத்துப் போகலாம். செப்டம்பரில் தோண்டி, வேரைக் கழுவி, இரண்டு நாள் நிழலில் வாட விட்டால் கொஞ்சம் வளையும். கூரிய கத்தியால் துண்டுக்கு மூன்று முதல் ஐந்து கண் வருமாறு வெட்ட வேண்டும். ஒரு தூர் நாலைந்து செடியாகிவிடும். ஒன்றை நீங்கள் எடுத்துக்கொண்டு, ஒன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, ஒன்றை அங்கேயே விட்டுப் போகலாம். தோண்டாமல் விட்டாலும் அதற்குக் குறைவில்லை. மற்ற செடிகளைப் போல அடிக்கடி பிரித்து நட வேண்டிய அவசியம் பியோனிக்கு இல்லை.

இரண்டாவது, ஆயுள். ஒரே இடத்தில் ஐம்பது வருஷம், அதற்கு மேலும் பூக்கும். மிட்வெஸ்ட் கிராமங்களில் வீடு இடிந்துபோய்ச் சுவடே இல்லாத இடங்களிலும் வாசல் இருந்த வரிசையில் பியோனி நின்று பூப்பதைப் பார்க்கலாம். மே மாதக் கடைசித் திங்களில் வரும் நினைவு நாளுக்கு அங்கே கல்லறைகளில் பியோனி வைப்பது பழைய வழக்கம். நட்டவர் கல்லறைக்கே அவர் நட்ட செடியின் பூ போகும்.

இட்டோ கதையைச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? மர வகையையும் பூண்டு வகையையும் கலக்க முடியாது என்றே தோட்டக்காரர்கள் நினைத்திருந்தார்கள். ஜப்பானில் தோயிச்சி இட்டோ என்பவர் திரும்பத் திரும்ப முயன்று, 1948-இல் செய்த கலப்பில் வெற்றி கண்டார். நாற்றுகள் வந்தன. ஆனால் பூக்கும் முன்பே, 1956-இல், அவர் காலமாகிவிட்டார். 1960-களில்தான் அவை பூத்தன, மஞ்சள் மஞ்சளாக. அவர் நினைவாகத்தான் அந்த வகைக்கே இட்டோ பியோனி என்று பெயர்.

நம் கல்லூரியிலும் அப்படித்தானே? இந்த வளாகத்தில் நாம் நிழலுக்கு உட்கார்ந்த மரங்களை நட்டவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. நமக்குப் பாடம் எடுத்தவர்களில் பலர், நாம் என்ன ஆனோம் என்று பார்க்காமலே போய்விட்டார்கள். அதனால் அவர்கள் எடுத்த பாடம் வீணாகிவிடவில்லை.

ஆகவே, குளிர் நாட்டில் இருக்கும் நண்பர்களே, வரும் செப்டம்பரில் ஒரு வேர் வாங்கி, வெயில் படும் இடத்தில், இரண்டு அங்குல ஆழத்தில் நடுங்கள். இங்கே இருக்கும் மாணவர்களே, உங்கள் வீட்டில் இடம் இருந்தால் நம் மண்ணுக்கேற்ற ஒரு மாங்கன்றோ, ஒரு மகிழமரமோ வையுங்கள். படிப்பு முடித்து வேறு ஊர் போகப்போகிறோமே என்று யோசிக்காதீர்கள். வேர் பிடித்துவிட்டால் அது தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும்.

செடி பற்றிக் கேள்வி இருப்பவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடித்துக்கொள்ளலாம்.